மலைக்கு மேல் தள்ளப்பட்ட நாடு: லெசோத்தோவின் நிலமும் மக்களும்



கடற்கரை இல்லாத மலைநாடு ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று அழைப்பில் கேட்டிருந்தீர்கள். நேபாளமோ சுவிட்சர்லாந்தோ வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் லெசோத்தோவை எடுத்துக்கொண்டேன். 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபர் டிரம்ப் தம் நாடாளுமன்றத்தில் பேசும்போது, யாருமே கேள்விப்படாத நாடு என்று இதைச் சொல்லிச் சிரிப்பு வாங்கினார். அடுத்த மாதமே அந்தக் கேள்விப்படாத நாட்டின் மீது 50 சதவீத வரி அறிவித்தார். அதைவிட உயர்ந்த விகிதம் அந்தப் பட்டியலில் யாருக்கும் இல்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிலம். லெசோத்தோவின் பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடச் சிறியது. மக்கள்தொகை 20 இலட்சத்துக்குச் சற்று மேல். நாற்புறமும் ஒரே நாடு, தென்னாப்பிரிக்கா. இப்படி ஒரே நாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் நாடுகள் உலகில் மூன்றுதான். மற்ற இரண்டும் இத்தாலிக்குள் இருக்கும் வத்திக்கானும் சான் மரீனோவும். நாடு முழுவதுமே 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் அமைந்திருப்பது உலகத்தில் இது ஒன்றுதான். அதன் மிகத் தாழ்ந்த இடம் மகாலெங் ஆறு சென்கூ ஆற்றோடு கலக்கும் முனை. அதுவே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர். உயர்ந்த சிகரம் தபானா ந்த்லென்யானா 3,482 மீட்டர். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் இதற்கு மேல் சிகரம் கிடையாது. நமக்கு ஜூன், ஜூலை என்றால் அவர்களுக்குக் குளிர்காலம். மலைப்பாதைகள் பனியில் அடைபட்டுக் கிடக்கும். சென்கூ ஆறு அருகிலிருக்கும் இந்தியப் பெருங்கடலை விட்டுவிட்டு மேற்கே திரும்பி, எல்லை தாண்டியதும் ஆரஞ்சு ஆறு என்று பெயர் மாறி, கண்டத்தையே குறுக்காகக் கடந்து அட்லாண்டிக்கில் விழுகிறது.

பயிரிடத் தகுந்த நிலம் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதுவும் பெரும்பாலும் மேற்கு விளிம்பில், காலிடன் ஆற்றை ஒட்டிய ஒடுங்கிய பட்டையில். மழை பெய்தால் மண் கரைந்து பள்ளம் பள்ளமாக அரித்துக்கொண்டு போகும். பாடநூல் இவ்வளவையும் சொல்லிவிட்டு, 'மலைநாடு, கடலில்லை, ஆகவே ஏழை நாடு' என்று ஒரு வரியில் முடித்துவிடும். அந்த 'ஆகவே'யோடுதான் எனக்குச் சண்டை. லெசோத்தோ மக்கள் மலையில் பிறந்து மலையில் ஏழையானவர்கள் அல்லர். சமவெளியில் உழுது விதைத்துக்கொண்டிருந்தவர்கள். நம் இலக்கணத்தில் சொன்னால், மருதத்தைப் பறிகொடுத்துக் குறிஞ்சியில் ஒதுங்கியவர்கள். அந்த நாட்டின் புவியியல் என்று நாம் படிப்பது முக்கால்வாசியும் 1869இல் கையெழுத்தான ஓர் எல்லைக்கோட்டின் விளைவு.

அந்தக் கோட்டுக்குப் பின்னே மொஷ்வேஷ்வே என்ற தலைவன் நிற்கிறான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கச் சமவெளிகள் போராலும் பஞ்சத்தாலும் கலங்கிக் கிடந்தன. இனக்குழுக்கள் சிதறி ஓடின. 1824இல் மொஷ்வேஷ்வே தன் கூட்டத்தோடு தாபா போசியு என்ற குன்றில் ஏறினான். உச்சி தட்டையானது, மேலே நீரூற்றும் மேய்ச்சலும் உண்டு, ஏறிச்செல்ல விரல்விட்டு எண்ணக்கூடிய சில வழிகளே. அதை மற்றவர்கள் பலமுறை தாக்கினார்கள். ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. ஆனால் அவனைப் பெரியவனாக்கியது குன்று அல்ல. ஓடிவந்தவர் யாராக இருந்தாலும் இடம் கொடுத்தான். தன் மாடுகளை வாரத்துக்கு விட்டான். பாலும் சாணமும் உழைப்பும் அவர்களுக்கு, மாடும் கன்றும் அவனுக்கு. பஞ்சத்தில் மனிதரைத் தின்னும் நிலைக்குப் போன ஒரு கூட்டம் அவனுடைய பாட்டனையே கொன்று தின்றதாகவும், அவர்கள் பிடிபட்டபோது, 'என் பாட்டனின் கல்லறையை எப்படி இடிப்பேன்' என்று சொல்லி விட்டுவிட்டதாகவும் அங்கே ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மக்கள் தங்கள் முதல் அரசனைப் பற்றி எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இப்படி ஒட்டிக்கொண்டு வந்த பல குழுக்கள் சேர்ந்துதான் பசோத்தோ என்ற இனம் உருவானது.

1833இல் பிரெஞ்சுப் பாதிரிமார் வந்தார்கள். அவர்களில் கசாலிஸ் என்பவரை மொஷ்வேஷ்வே தன் வெளியுறவு ஆலோசகராகவே வைத்துக்கொண்டான். 1852இல் ஜெனரல் காத்கார்ட் தலைமையில் வந்த ஆங்கிலப் படை எதிர்பாராத அடி வாங்கியது. அன்றிரவே மொஷ்வேஷ்வே, தண்டனை போதும், இனி சமாதானமாக இருப்போம் என்ற பொருளில் பணிவாக ஒரு கடிதம் அனுப்பினான். ஜெயித்தவன் தோற்றவனுக்கு முகம் காப்பாற்றிக் கொடுத்த கடிதம் அது. ஆங்கிலேயர் அதை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களிடம் அந்தச் சாமர்த்தியம் எடுபடவில்லை. அவர்களுக்கு வேண்டியது மரியாதை அல்ல, வயல். காலிடனுக்கு மேற்கே இருந்த நல்ல மண்ணைக் குறிவைத்து ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசு 1858இலும் மீண்டும் 1865இலிருந்து 1868 வரையிலும் போரிட்டது. விளைந்த பயிரைக் கொளுத்தியது, மாடுகளை ஓட்டிச் சென்றது. கடைசியில் மொஷ்வேஷ்வே ஆங்கிலப் பேரரசின் பாதுகாப்பைக் கேட்டான். 1868 மார்ச் 12 அன்று அந்நாடு பசுட்டோலாந்து என்ற பெயரில் பிரிட்டனின் கீழ் வந்தது. மறு ஆண்டு அலிவால் நார்த் உடன்படிக்கை எல்லையை வகுத்தது. காலிடனுக்கு மேற்கே இருந்த வயல்கள் போயின. நாடு பிழைத்தது. 1870 மார்ச்சில் மொஷ்வேஷ்வே இறந்தான். அதே ஃப்ரீ ஸ்டேட்தான் 1891இல் சட்டம் போட்டு இந்தியர் எவரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்று தடுத்தது என்பதையும், பக்கத்து நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் கதையைப் படிப்பவர்கள் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

வயல் போனபின்பும் அந்த மக்கள் உடனே நொடித்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் வைரம் கிடைத்து ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்தபோது, அவர்கள் சாப்பிட்ட தானியத்தில் பெரும்பகுதி பசுட்டோலாந்திலிருந்து மாட்டுவண்டியில் போனது. ஏர், குதிரை, கோதுமை என்று சந்தையைப் புரிந்துகொண்டு விவசாயம் செய்தார்கள். பிறகு ரயில் வந்தது. ரயிலேறி அமெரிக்க, ஆஸ்திரேலியக் கோதுமை மலிவாக வந்தது. பக்கத்துக் குடியரசுகள் வரி போட்டன. 1896–97இல் வெக்கை நோய் மாட்டுக் கொட்டில்களைக் காலி செய்தது. நிலத்துக்கு மிஞ்சிய குடும்பங்கள் முன்பு கோடைக்கால மேய்ச்சலாக மட்டும் இருந்த உயர்மலைகளில் ஏறிக் குடியமர்ந்தன. செங்குத்தான சரிவை உழுதார்கள், மண் சரிந்தது. தானியம் விற்ற நாடு 1930களில் தானியம் வாங்கும் நாடாகிவிட்டது. விற்பதற்கு ஆட்கள்தான் மிஞ்சினார்கள்.

ஆண்கள் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1970களிலும் 80களிலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் பசோத்தோ ஆண்கள் ஒரு இலட்சத்துக்கு மேல் வேலை செய்தார்கள். குடும்பத்தோடு தங்க அனுமதி இல்லை. கொட்டடி வாழ்க்கை, ஒப்பந்தம் முடிந்தால் ஊர், மறுபடியும் ஒப்பந்தம். 1974இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி சம்பளத்தில் 60 சதவீதம் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு லெசோத்தோ வங்கியில் போடப்பட்டது. ஊருக்கு வந்துதான் எடுக்கமுடியும். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிசும் காசநோயுமாகத் திரும்பியவர்கள் ஏராளம். சுரங்கக் கம்பெனிகள் இழப்பீடு தரும் ஒப்பந்தத்தை ஜொகன்னஸ்பர்க் நீதிமன்றம் ஏற்றது 2019இல்தான்.

இங்கே மாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதிக்க வேண்டும். 1975இல் உலக வங்கியும் கனடாவும் சேர்ந்து தாபா ட்செகா என்ற மலைப்பகுதியில் ஒரு பெரிய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கின. நவீனப் பொருளாதாரமே எட்டிப்பார்க்காத பாரம்பரிய விவசாயச் சமூகம் என்று லெசோத்தோவை வரையறுத்துக்கொண்டு உலக வங்கி வேலையை ஆரம்பித்தது. நூறு ஆண்டுகளாகச் சந்தைக்குத் தானியமும் சுரங்கத்துக்கு ஆளும் அனுப்பிய நாட்டைப் பற்றி! திட்டத்தின் மைய யோசனை எளிது: மக்கள் அளவுக்கு மீறி மாடு வைத்திருக்கிறார்கள், புல் அழிகிறது; மாட்டைக் குறைத்து, நல்ல இனமாக வளர்த்து, சந்தையில் விற்கக் கற்றுக்கொடுப்போம். வேலி போட்டார்கள். வேலி அறுபட்டது, கதவுகள் காணாமல் போயின. வறட்சியில் மாடு செத்துக்கொண்டிருந்தபோதும் விற்கமாட்டேன் என்றார்கள். அதிகாரிகள் இதை மூடத்தனம் என்று எழுதினார்கள்.

1980களில் அங்கே தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற மானிடவியலாளர் வேறொன்றைக் கண்டார். சுரங்கத்திலிருந்து பணம் வந்தால் அதில் எல்லாருக்கும் உரிமை உண்டு. மனைவி கேட்கலாம், பள்ளிக்கூடச் செலவு கேட்கும், அண்ணன் தம்பி கேட்கலாம். அதே பணம் மாடாக மாறிவிட்டால் யாரும் தொட முடியாது. பணத்தைக் கொடுத்து மாடு வாங்கலாம். மாட்டைக் கொடுத்துப் பணம் வாங்குவது பெரிய ஆபத்துக் காலத்தில் மட்டும். ஆக, மாடு என்பது அந்த ஆணின் சேமநிதி. நாற்பது வயதுக்கு மேல் சுரங்கம் துரத்திவிட்டால் ஊரில் மனிதனாக வாழ அதுதான் ஆதாரம். அவன் இல்லாத பத்து மாதமும் கிராமத்தில் அவன் பேர் சொல்ல நிற்பதும் அந்த மாடுகள்தான். நாலு பேருக்கு வாரத்துக்கு விட்டிருப்பான், அந்த நாலு வீட்டிலும் அவனுக்கு மரியாதை. பெண்களில் பலருக்கு இந்த ஏற்பாட்டின் மேல் கோபம் இருந்ததையும் ஃபெர்குசன் மறைக்கவில்லை. புல்லுக்கு மேல் நிற்கும் அந்த மாட்டின் கயிறு ஜொகன்னஸ்பர்க் சுரங்கத்தில் கட்டப்பட்டிருந்தது. அதிகாரிகள் புல்லை மட்டுமே பார்த்தார்கள். திட்டம் தோற்றது. ஆனால் சாலையும் அலுவலகமும் காவல் நிலையமும் வந்து சேர்ந்தன. தாபா ட்செகா மாவட்டத் தலைநகராயிற்று.

அந்த மாடுகளையும் செம்மறிகளையும் மேய்ப்பவர்கள் சிறுவர்கள். கோடையில் கிராமத்தைவிட்டு உயரே போய், கல்லடுக்கிய சிறு குடிலில் மாதக்கணக்கில் கிடை போட்டுத் தங்குவார்கள். மேலே கம்பளி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கம்பு, கூட இரண்டு நாய். சாப்பாடு மக்காச்சோளக் களி. அவர்கள் அதைப் 'பாப்பா' என்கிறார்கள். கம்பளி அங்கே வெறும் போர்வை அல்ல. திருமணத்துக்கு ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி உடுப்பு முறை உண்டு. கோடுகள் செங்குத்தாக நிற்கும்படிதான் போர்த்துவார்கள். பையன்கள் மலையில் இருப்பதால் ஒரு விசித்திரமும் உண்டு. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் எழுத்தறிவில் ஆண்கள் முன்னே. இங்கே பெண்கள் முன்னே. 2000ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வியைப் படிப்படியாக இலவசமாக்கினார்கள், 2010இல் கட்டாயமாக்கினார்கள். இருந்தும் பட்டியைவிட்டுப் பள்ளிக்கு வராத பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். படித்த பெண்களுக்கு அதனால் நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

அவர்களுக்குக் கிடைத்தது தையல் மிஷின். இனவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்கா மீது தடைகள் விழுந்தபோது தைவான் முதலாளிகள் சிலர் லெசோத்தோவுக்குத் தொழிற்சாலையை மாற்றினார்கள். 2000இல் அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரியில்லா இறக்குமதிச் சலுகை கொடுத்ததும் தலைநகர் மசேருவிலும் மபுட்சோ நகரிலும் தொழிற்சாலைக் கொட்டகைகள் பெருகின. ஜீன்சும் பனியனும் தைத்து 2004 வாக்கில் 50,000 பேர்வரை வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். சுரங்கங்கள் ஆட்குறைப்புச் செய்துகொண்டிருந்த நேரம் அது. வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருபவர் ஆணிலிருந்து பெண்ணாக மாறினார். 2005இல் உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிந்ததும் சீனத்தோடு போட்டியிட முடியாமல் பல கொட்டகைகள் ஒரே மாதத்தில் பூட்டப்பட்டன. தப்பிப் பிழைத்தவற்றின் மேல்தான் 2025இல் அந்த 50 சதவீதம் விழுந்தது.

அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். லெசோத்தோ அமெரிக்காவுக்கு 2024இல் 20 கோடி டாலருக்கு மேல் பொருள் விற்றது. அமெரிக்காவிடமிருந்து வாங்கியது 1 கோடி டாலருக்கும் குறைவு. பற்றாக்குறையை இறக்குமதியால் வகுத்து, அதில் பாதியை வரியாக்கினார்கள். ஜீன்ஸ் தைக்கும் பெண்ணுக்கு அமெரிக்கச் சாமான் வாங்கக் காசில்லை என்பது அந்தக் கணக்கில் குற்றமாகிவிட்டது. பிறகு விகிதம் 15 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஆர்டர்கள் அதற்குள் வேறெங்கோ போய்விட்டன. அந்த ஜூலையில் இளைஞர் வேலையின்மையைக் காரணம் காட்டி அரசு தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தது. ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கும் அதே 50 சதவீதம் வந்தபோது திருப்பூரில் எழுந்த பேச்சை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். மபுட்சோவில் அதே பேச்சு ஏப்ரலிலேயே நடந்து முடிந்திருந்தது.

வைரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லெட்செங் சுரங்கம் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 2018இல் அங்கே எடுத்த 910 காரட் கல் 4 கோடி டாலருக்கு விலைபோனது. அரசுக்கு அந்தச் சுரங்கத்தில் 30 சதவீதப் பங்கு. செய்தித்தாளுக்கு நல்ல தலைப்பு. வேலைவாய்ப்புக்கு அவ்வளவு இல்லை. அங்கோரா ஆட்டு ரோமத்தில் உலகில் தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்த இடம் லெசோத்தோவுக்கு. அந்த வருமானம் ஆயிரக்கணக்கான மேய்ப்பர் வீடுகளுக்கு நேராகப் போகிறது. 2018இல் அரசு அந்த வியாபாரத்தை உள்நாட்டிலேயே ஒரே வாசல் வழியாக நடத்தவேண்டும் என்று விதி போட்டு, பணம் மாதக்கணக்கில் தாமதமாக, மேய்ப்பர்கள் மசேரு தெருக்களில் ஊர்வலம் போனார்கள்.

இனி தண்ணீர். ஜொகன்னஸ்பர்க்கைச் சுற்றிய தொழில் வட்டாரம் ஆற்றங்கரையில் உருவானதல்ல. தங்கத்தின் மேல் உருவானது. தண்ணீர் வெளியிலிருந்துதான் வரவேண்டும். லெசோத்தோ மலைநீரைக் கொண்டுவரும் யோசனை 1950களிலிருந்தே உண்டு, விலைபேசி முடியவில்லை. 1986 ஜனவரி முதல் தேதி தென்னாப்பிரிக்கா எல்லையை மூடி முற்றுகையிட்டது. தன் எதிரிகளான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசாருக்கு லெசோத்தோ அடைக்கலம் தருகிறது என்பது குற்றச்சாட்டு. ஜனவரி 20 அன்று பிரதமர் ஜோனதனை ராணுவம் கவிழ்த்தது. அக்டோபர் 24 அன்று தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தேதிகளை அடுத்தடுத்து வைத்துச் சொன்னேன், முடிவு உங்களுடையது.

ஒப்பந்தத்தின் விலைச் சூத்திரம் பொருளாதார மாணவர்கள் கவனிக்க வேண்டியது. சென்கூ ஆறு எப்படியும் தென்னாப்பிரிக்காவுக்குள்தான் ஓடிப்போகும். கீழே தன் மண்ணில் அணைகட்டி, மோட்டார் வைத்து மேலே ஏற்றி, அந்தத் தொழில் வட்டாரத்துக்கு நீர் தரும் வால் ஆற்றுக்குக் கொண்டுபோக அந்நாட்டுக்கு எவ்வளவு ஆகும்? மலையிலேயே தேக்கிச் சுரங்கவழியாக இறக்கினால் எவ்வளவு ஆகும்? இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் 56 சதவீதம் லெசோத்தோவுக்கு, 44 சதவீதம் தென்னாப்பிரிக்காவுக்கு. ஆக லெசோத்தோ விற்பது தண்ணீரையே அல்ல, தன் உயரத்தை. 185 மீட்டர் உயரமுள்ள காட்சே அணையிலிருந்து 45 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் முவேலா மின்நிலையத்துக்கு வருகிறது. தண்ணீர் அங்கே 72 மெகாவாட் மின்சாரம் கொடுத்துவிட்டு, இன்னொரு சுரங்கம் வழியாக எல்லைக்கு அப்பால் ஆஷ் ஆற்றில் கொட்டுகிறது. 1998இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், தேர்தல் கலவரத்தை அடக்க அழைக்கப்பட்டு உள்ளே வந்த தென்னாப்பிரிக்கப் படை முதல் வேலையாகக் காட்சே அணையைக் கைப்பற்றியது. அங்கே காவலிருந்த லெசோத்தோ வீரர்கள் பலர் மாண்டார்கள்.

இந்தத் திட்டத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. லஞ்சம் வாங்கிய தலைமை நிர்வாகி மசுபா சோலேயைச் சிறைக்கு அனுப்பியதோடு நிற்காமல், லஞ்சம் கொடுத்த கனடிய, ஜெர்மானியக் கம்பெனிகளையும் லெசோத்தோ நீதிமன்றம் 2002, 2003 ஆண்டுகளில் தண்டித்தது. பெரிய நாடுகள் செய்யத் தயங்கும் காரியம்.

நிலம் மூழ்கியவர்களுக்கு இழப்பீடாக ஆண்டுதோறும் மக்காச்சோளமும் பயறும் 50 ஆண்டுகளுக்கு என்று பேசினார்கள். அணைக்கரையிலேயே இருந்துகொண்டு, ஊற்றைத் தேடிக் குடம் சுமக்கும் கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. குழாய் எல்லைக்கு அப்பாலுள்ள நகரங்களைப் பார்த்துப் போடப்பட்டது.

இப்போது இரண்டாம் கட்டம் நடக்கிறது. மொகோத்லொங் மாவட்டத்தில் சென்கூவின் குறுக்கே பொலிஹாலி அணை எழும்புகிறது. அங்கிருந்து 38 கிலோமீட்டர் சுரங்கம் காட்சேக்கு. நீர்த்தேக்கத்தைக் கடக்க சென்கூ பாலம் 2025இல் திறந்தாயிற்று. 2023இல் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், ஃப்ரீ ஸ்டேட் நிலம் முழுவதையும் திருப்பிக் கேட்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தபோது பலர் சிரித்தார்கள். நானும் அது நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பொலிஹாலியில் மூழ்கப்போவது எது என்று பார்த்தால் அந்தக் கோரிக்கையின் வேர் தெரியும். உயர்மலையில் நல்ல மண் இருப்பது ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் மட்டும்தான். சமவெளியை இழந்து மேலே ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் மக்காச்சோளமும் பட்டாணியும் போடுகிறார்கள். நிலத்துக்கு நிலம் கேட்டால் கொடுக்க மேலே நிலம் இல்லை. எவ்வளவு பணம், எத்தனை ஆண்டுக்கு, எந்த ஆண்டின் விலையில் என்பதில் முறையீடுகள் இப்போதே எழுந்துவிட்டன. மிச்சமாகும் செலவை அளந்து உரிமைத்தொகை கணக்கிடும் அந்த 56 சதவீதச் சூத்திரத்தில் மூழ்கும் வயலுக்கென்று தனி வரி ஏதும் இல்லை.